இணைப்பில் இருந்த பெயர்

ஆகஸ்ட் 16, வெள்ளி.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கேபிளைக்கூடப் பார்க்காமல் முதலில் சர்வரை அணைத்துப் போட்டேன். முதலில் கம்பி, பிறகு கணினி, கடைசியில்தான் சர்வர். மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த வரிசை இது. பதற்றத்தில் தலைகீழாகச் செய்துவிட்டேன்.

இனி எழுதப்போவதெல்லாம் நடந்தது. என் கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் மட்டும் வரிசையாக எழுதுகிறேன். எனக்கே சந்தேகம் இருக்கும் இடங்களில் சந்தேகம் என்றே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் படிப்பவர்கள் விருப்பம். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பிற்பகலில், கீழே முற்றத்தில் ஒரு தொழிற்சாலையே கூடி நின்றபோது நடந்தது.

யாருடைய முழுப் பெயரையும் இதில் எழுத மாட்டேன். எங்கள் சந்திர நாட்காட்டியில் இது ஏழாம் மாதம். போனவர்கள் திரும்பி வரக் கதவு திறந்திருக்கும் மாதம். இது முடியும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் குடும்பப் பெயரோடு சேர்த்து முழுசாகக் கூப்பிடுவதில்லை. கேட்கக் கூடாதவர்கள் காதில் விழுந்துவிடும்.

எங்கள் ஊர் காங்ஷானில் ஹோங் அண்ணனின் கம்ப்யூட்டர் கடையில் நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஊரைச் சுற்றித் திருகாணித் தொழிற்சாலைகள். அவற்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. மதியம் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது அண்ணன் போனை நீட்டியபடியே சொன்னார்.

"மீன்குளத்துப் பக்கத்து ஃபேக்டரி. யென் மேனேஜர் கம்ப்யூட்டர்ல வரைபட டிரைவ் வரமாட்டேங்குதாம். திங்கக்கிழமை வெளிநாட்டுக்காரங்க சோதனைக்கு வர்றாங்க. அது நல்லபடியா முடிஞ்சா அவருதான் அடுத்த ஃபேக்டரித் தலைவர். அதனால குதிக்கிறாரு."

"நான் தனியாவா அண்ணே?"

"பின்ன, மேளதாளத்தோடயா அனுப்புவாங்க? இன்னைக்கு முடிக்கலைன்னா அந்த ஃபேக்டரி நம்ம கையை விட்டுப் போயிடும். ஃபேக்டரி போனா நீயும் போகவேண்டியதுதான். இன்னைக்கு அங்க படையல் வேற. முடிச்சுட்டு நல்லா சாப்பிட்டு வா."

நான் போனபோது முற்றத்தில் நீளமாக மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நூடுல்ஸ் பெட்டிகள், பிஸ்கட் டப்பாக்கள், முழுக் கோழி, அரிசி மூட்டை. ஒவ்வொன்றிலும் ஓர் ஊதுபத்தி செருக வேண்டும். மேசைக் கடைசியில் புதுப் பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் மடிப்புக் கலையாத துண்டு. கண்ணுக்குத் தெரியாமல் வருகிற விருந்தாளிகள் முகம் கழுவிக்கொள்ள. வானம் கறுத்திருந்தது. மழை மட்டும் வரவில்லை.

அலுவலகம் இரண்டாம் மாடியில். கணக்கு பார்க்கும் பாவ்-ஜூ அக்காதான் என்னைக் கூட்டிப் போனார். யென் மேனேஜர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவருக்கு எண்ணெய் தடவி வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை.

"ஹோங் கடையில வேற ஆளே இல்லையா? ஸ்கூல் பாப்பாவை அனுப்பியிருக்கான்."

"போன தடவை மீசை வெச்சவன் ஒருத்தன் வந்தானே மேனேஜர்," என்றார் பாவ்-ஜூ அக்கா. "அவன் தொட்ட பிரிண்டர் மூணே நாள்ல செத்து..." சட்டென்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "த்தூ, த்தூ. இந்த மாசத்துல என்ன பேச்சு பேசறேன். படுத்துருச்சு. படுத்துருச்சுன்னுதான் சொன்னேன்."

அந்தத் தொழிற்சாலையின் வரைபடங்கள் எல்லாம் சர்வரில்தான் இருக்கின்றன. போல்ட் தலை எவ்வளவு அகலம், மரை எத்தனை ஆழம் எல்லாம் அதில். ஒவ்வொருவர் கணினியிலும் அது ஒரு டிரைவாகத் தெரியும். திறந்தால் வரைபடம் வரும். யென் மேனேஜர் கணினியில் மட்டும் அந்த டிரைவின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு. தட்டினால் திறக்கவில்லை.

நான் நேரே சர்வர் அறைக்குப் போனேன். நடைவழிக் கடைசியில், ஜன்னல் இல்லாத பழைய சாமான் அறை. குழாய் கிடையாது. குளிர்சாதனம்கூட நடைவழிச் சுவரில்தான் மாட்டியிருந்தது. சர்வரின் தலையில் சோளப் பொரி பொட்டலம் ஒன்று. எங்கள் ஊரில் எந்த சர்வர் மேலும் அது இருக்கும். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் மெஷின் சமர்த்தாக இருக்கும். மஞ்சள் கூடாது, சிவப்பு கூடவே கூடாது. காலாவதி ஆகக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. நான் தேதியைப் பார்த்தேன். புதுசு. காற்று நிறைந்து தலையணை மாதிரி உப்பியிருந்தது.

அங்கேதான் அந்தத் தவறு. சர்வரை அணைத்து மறுபடி இயக்கினேன்.

"அடிப்பாவி!" என்று கத்தல் கேட்டது. "காலையிலேர்ந்து அடிச்ச சரக்கு எண்ணிக்கை எல்லாம் போச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டு அணைக்கக் கூடாதா?"

பாவ்-ஜூ அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். சர்வர் எழுந்தது. அவர் கணினியில் டிரைவ் வந்தது. எல்லோருக்கும் வந்தது. யென் மேனேஜருக்கு மட்டும் சிவப்புக் கோடு அப்படியே நின்றது.

சரி, முறையாகச் செய்வோம் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டளை உண்டு. கணினி 'இருக்கிறாயா?' என்று கேட்கும். சர்வர் 'இருக்கிறேன்' என்று பதில் அனுப்பும். நொடிக்கு ஒன்றாகத் திரையில் வரி ஓடும். ஓடியது. ஒரு பதில்கூடத் தவறவில்லை.

கேபிள் இளகியிருக்குமோ என்று மேசைக்கு அடியில் புகுந்தேன். பிளக்கைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கையில் பிடித்தபடியே நிமிர்ந்தேன்.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

கேபிள் என் கையில் இருந்தது. அந்தக் கணினிக்குக் கம்பியில்லா இணைப்பு கிடையாது. பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டேன். திரை தாமதமாகக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேபிளைத் திரும்பச் செருகினேன். இந்த இடத்தில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

யென் மேனேஜரின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து டிரைவைப் புதிதாக இணைத்தேன். ஒரு செய்தி வந்தது. இந்தக் கணினி இதே சர்வரோடு வேறொரு பெயரில் ஏற்கெனவே இணைந்திருக்கிறது, முதலில் அதைத் துண்டிக்கவும்.

இது தெரிந்த கோளாறுதான். ஒரு கணினி ஒரே சர்வருக்குள் இரண்டு பெயரில் நுழைய முடியாது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர். யோசிக்கவே இல்லை, உரக்கப் படித்துவிட்டேன். குடும்பப் பெயரோடு சேர்த்து.

"...சூ-யுன். அது யாருங்க?"

பாவ்-ஜூ அக்கா எழுந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். அவர் கையில் ஊதுபத்தி வாசனை.

"வாயை மூடு! இன்னைக்கா அந்தப் பேரைச் சொல்லுவே?"

யென் மேனேஜர் டீ மூடியை மெதுவாகக் கோப்பை மேல் வைத்தார். "பழைய ஆளு. அழிச்சிடு."

அதற்குள் ஹோங் அண்ணன் போனில் வந்தார். வேறொரு பெயரில் இணைந்திருக்கிறது என்றேன். யார் பெயரில் என்று கேட்டார். பழக்கதோஷம், இரண்டாம் தடவையும் முழுசாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் யென் மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எழுத்து எழுத்தாப் படி. அதே பேருதானான்னு பாக்கணும்."

"வேணாம் மேனேஜர்," என்றார் பாவ்-ஜூ அக்கா.

"நீ கீழ போய்க் கோழியை எண்ணு. படி பாப்பா."

படித்தேன். மூன்றாம் தடவை. கீழே யாரோ ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தியிருக்க வேண்டும். புகை ஜன்னல்வழியே உள்ளே வந்தது.

இணைப்பைத் துண்டித்தேன். பட்டியல் காலியானது. திரும்பத் திறந்தேன். பெயர் இருந்தது. மறுபடி துண்டித்தேன். இருந்தது. அப்படியென்றால் பாஸ்வேர்ட் இந்தக் கணினியிலேயே எங்கோ சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தேடினேன். அகப்பட்டது. அந்தப் பெயர், அதற்கான பாஸ்வேர்ட், சேமித்த தேதி. போன வருடம் ஜூன் 9.

சர்வர் பக்கம் என்ன காட்டுகிறது என்று பார்க்க எழுந்தேன். நடைவழியில் பாவ்-ஜூ அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வரைபடம் போடுறவ. பதினோரு வருஷம் எனக்கு எதிர் மேசை. போன வருஷம் ஒரு லாட் போல்ட் முழுக்கத் தலை தெறிச்சுத் திரும்பி வந்துச்சு. வரைபடத்துல யாரோ அளவை மாத்திட்டாங்க. சர்வர்ல பாத்தா அவ பேரு."

"அவங்கதான் மாத்தினாங்களா?"

"அவ அன்னைக்கு ஊர்லயே இல்லடி. சொந்த ஊர் பிங்துங்ல அவங்கப்பா சவப்பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. சொன்னா. யாரு கேட்டா? 'உன் பேரு உள்ள வந்திருக்கு, உன் பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்'னாங்க. யாருக்குத் தெரியாது? மானிட்டர் மூலையில மஞ்சத் தாள்ல எழுதி ஒட்டியிருந்தா. நாங்க எல்லாருமே அப்படித்தான் ஒட்டி வெச்சிருக்கோம். லீவுல போனா இன்னொருத்தர் வேலை பாக்கணுமில்ல."

"அப்புறம்?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. போன வருஷப் படையல் அன்னைக்குக் கொட்டுற மழையில வந்து கேட்ல நின்னா. 'எந்த மெஷின்ல இருந்து என் பேர்ல உள்ள வந்தாங்க, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க'ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. கேட்டைத் திறக்கலை. திரும்பிப் போறப்ப ஸ்கூட்டரோட கால்வாய்ல..."

அவர் முடிக்கவில்லை. கீழே மணி அடித்தது. எல்லோரும் படையலுக்கு இறங்க வேண்டும்.

"அக்கா, ஜூன் ஒன்பதாம் தேதி அவங்க எங்க இருந்தாங்க?"

"அன்னைக்குத்தானே நான் பிங்துங் போய் அவங்கப்பாவுக்கு ஊதுபத்தி வெச்சுட்டு வந்தேன். அவதான் வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சா. ஏன் கேக்குறே?"

அக்கா இறங்கிப் போய்விட்டார். சூ-யுன் மழையில் நின்று கேட்ட கேள்விக்கு விடை இப்போது என் ஒருத்தியிடம்தான் இருந்தது. அதை அழிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சர்வர் அறைக்குள் போனேன். உள்ளே குளிர் அதிகமாக இருந்தது. திரையில் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்ற பக்கத்தைத் திறந்தேன். சூ-யுன் பெயர் இருந்தது. கணினி, யென் மேனேஜருடையது. இணைந்திருக்கும் காலம், ஏறக்குறைய ஒரு வருடம்.

அரை மணிக்கு முன்னால்தான் அந்த சர்வரை நான் என் கையால் அணைத்திருந்தேன். அணைத்தால் எல்லா இணைப்பும் அறுந்துபோகும். கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுதான் விதி. மற்ற எல்லோருக்கும் அரை மணிதான் காட்டியது.

கடைசிக் கட்டத்தில் இன்னொரு எண் இருந்தது. அந்த ஆள் விசைப்பலகையைத் தொடாமல் சும்மா இருந்த நேரம்.

பூஜ்யம்.

அதாவது, இந்த நொடியில் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நிமிர்ந்தபோது பச்சைப் பொட்டலம் கண்ணில் பட்டது. உப்பியிருந்தது இப்போது தட்டையாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓரம் பிரியவில்லை. ஓட்டை இல்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

ஓடவில்லை. நடந்துதான் வந்தேன். ஓடினால் யாராவது பின்னால் ஓடி வருவார்களோ என்று பயம்.

அலுவலகத்தில் யென் மேனேஜர் மட்டும் ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கீழ போகலையா சார்?"

"பேய்க்குச் சோறு போட எனக்கு நேரமில்லை. அழிச்சியா?"

"துண்டிச்சாலும் வருது. உங்க கம்ப்யூட்டர்ல அந்தப் பேரைச் சேமிச்சு வெச்சிருக்கு. போன வருஷம் ஜூன் ஒன்பது..."

அவர் முகம் மாறியது. மாறியதை நான் பார்த்தேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"நீ போலீஸா?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "சேமிச்சதை அழி. சர்வர்லயும் அந்தப் பேரை மொத்தமாத் தூக்கு. இப்படி ஒருத்தி இங்க வேலை பாத்தாங்கிற அடையாளமே இருக்கக் கூடாது. இல்லைன்னா இப்பவே ஹோங்குக்கு போன் போடுவேன்."

உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது அந்தப் பெயரும் தேதியும் தெரிந்த திரையை என் போனில் படம் எடுத்தேன். பிறகு அழிக்கும் பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனேன். இடது கை விசைப்பலகையில் பட்டது.

ஈரமாக இருந்தது.

ஒவ்வொரு விசையிலும் தண்ணீர்ப் பொட்டு. சில விசைகளில் மட்டும் அதிகம். அவை என்ன எழுத்துகள் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் பெயரின் எழுத்துகள்.

"நான் அழிக்கமாட்டேன் சார்."

தைரியத்தில் சொன்னேனா, விரல் மரத்துப்போனதால் சொன்னேனா, இப்போதும் தெரியவில்லை.

"எந்திரி," என்றார். என் நாற்காலியைக் காலால் தள்ளினார். "பேரை சர்வர்லேர்ந்தே எடுத்துட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு டெக்னீஷியன்."

அவர் நடைவழியில் போவது கேட்டது. சர்வர் அறைக் கதவு திறந்தது. மூடியது.

கீழே முதலாளி ஊதுபத்தியைத் தலைக்கு மேல் தூக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்காகக் காகிதக் காசு எரிக்கும் வாசனை வந்தது.

மணி 3:12. திரையின் மூலையில் இருந்தது. அதனால் தெரியும்.

திரையில் தானாக ஒரு பெட்டி திறந்தது. பெயர், பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி.

நான் எதையும் தொடவில்லை. கைகள் மடியில் இருந்தன.

பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் வந்தன. யென் மேனேஜரின் பெயர். முழுப் பெயர்.

டிக்... டிக்... டிக்...

விசைகள் அமுங்கிய சத்தம். என் கண்ணெதிரே அமுங்கின.

பிறகு அந்தப் பெயர் அழிந்தது. கடைசி எழுத்திலிருந்து, ஒவ்வொன்றாக. நிதானமாக. எனக்குக் காட்டுவதற்காகவே அழிப்பது போல.

கட்டம் காலியானது.

அப்புறம் சூ-யுன் பெயர்.

டிக்... டிக்...

சரி என்ற பொத்தான் அமுங்கியது.

சிவப்புக் கோடு மறைந்தது. டிரைவ் திறந்துகொண்டது. அவ்வளவு நேரம் வராத டிரைவ்.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம்.

சர்வர் அறையிலிருந்து.

டம்... டம்... டம்...

ஓடினேன். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கதவுக்கு அடியில் மழைச் சத்தம் கேட்டது. வெளியே மழை இல்லை.

உள்ளிருந்து யென் மேனேஜரின் குரல்.

"கேட்டைத் திறங்க..."

கதவு என்று சொல்லவில்லை. கேட் என்றுதான் சொன்னார்.

"கேட்டைத் திறங்க... எந்த மெஷின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க..."

அவர் குரல்தான். ஆனால் அப்படி அவர் யாரிடமும் கெஞ்சியிருக்க மாட்டார்.

"எந்த மெஷின்ல இருந்து... அதை மட்டும்..."

டம்... டம்...

கைப்பிடி என் கையில் சில்லென்று இருந்தது. எனக்கு விடை தெரியும். அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

"சூ-யுன் அக்கா..." என்றேன்.

தட்டுவது நின்றது.

"அக்கா, யென் மேனேஜர் மெஷின்தான். ஜூன் ஒன்பதாம் தேதி. நீங்க இல்லை."

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு மிக அருகே, யாரோ மூச்சை நீளமாக விட்டார்கள்.

கதவு திறந்தது.

யென் மேனேஜர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. தலைமுடி கலையவே இல்லை. விரல்கள் மட்டும்... வெளுத்து, ஊறி, சுருங்கியிருந்தன. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த விரல்கள்.

நான் கத்தியதில் கீழிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் குனிந்து, அவர் கன்னத்தைத் தட்டி, பெயர் என்ன என்று கேட்டார். யென் மேனேஜர் அவரைப் பார்த்துத் தெளிவாகப் பதில் சொன்னார்.

சொன்னது சூ-யுன் பெயர். குடும்பப் பெயரோடு சேர்த்து.

பாவ்-ஜூ அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியைக் கையில் வைத்தபடியே நின்றார். சாம்பல் அவர் ஷூ மேல் விழுந்தது.

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. அந்த போட்டோவை பாவ்-ஜூ அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு அவரே போன் செய்தார். மருத்துவமனையிலிருந்து பேசினார்.

"நுரையீரல்ல தண்ணி இருந்துச்சாம். குழாய் விட்டு எடுத்திருக்காங்க. பச்சைப் பாசியோட வருதுன்னு நர்ஸ் சொல்றா. கால்வாய்ல விழுந்தாரான்னு டாக்டர் என்னைக் கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

"இப்ப எப்படி இருக்காரு அக்கா?"

"பொழைச்சுக்குவாராம். ஆனா அவர் பொண்டாட்டி பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறாரு. பொண்ணு கூப்பிட்டா யாரையோ பாக்குற மாதிரி பாக்குறாரு. போனவ பேரைச் சொன்னா மட்டும்..." அக்கா மூச்சு வாங்கினார். "சட்டுனு திரும்புறாரு. திரும்பிட்டு அழறாரு. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வர்றாரு, சத்தம் வரலை."

எனக்குப் பயம் இருந்தது. இரக்கம் வரவில்லை. வர வேண்டுமோ என்னவோ, வரவில்லை.

"படத்தைப் போனவளோட அம்மாவுக்கு அனுப்பிட்டேன்," என்றார் அக்கா. "பொண்ணு பேரு சுத்தமாயிடுச்சுன்னு அந்தக் கிழவி ஒரு வார்த்தை சொல்லி அழுதா. எனக்கு அது போதும். ஆனா..."

"என்ன அக்கா?"

"அவ அத்தோட போகலையோன்னு பயமா இருக்குடி. போன வருஷம் கேட்டைத் திறக்காதேன்னு சொன்னது யென் இல்லை. காவலாளி திறக்கத்தான் போனான். முதலாளி நம்ம ஆபீஸ் மாடி ஜன்னல்ல நின்னு வேணாம்னு கையை ஆட்டினாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அவ தலையைத் தூக்கி அந்தக் கையைப் பாத்தா."

போனை வைத்து, முகம் கழுவப் பயந்து, வெறும் துண்டால் துடைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது ஹோங் அண்ணன் கூப்பிட்டார்.

"தூங்கிட்டியா? அந்த ஃபேக்டரி முதலாளி இப்பத்தான் பேசினாரு. அவரு வீட்டுக் கம்ப்யூட்டர்ல வரைபட டிரைவ் வந்து நிக்குதாம்."

"வீட்டுலயா? அதுக்கும் ஃபேக்டரி சர்வருக்கும் இணைப்பே கிடையாதே அண்ணே."

"அதைத்தான் நானும் சொன்னேன். அழிச்சா திரும்ப வருதாம். யார் பேர்ல வந்திருக்குன்னு கேட்டேன். சொல்லமாட்டேங்குறாரு. விசைப்பலகை ஈரமா இருக்குன்னு மட்டும் சொல்றாரு. மனுஷன் அழற மாதிரி இருக்கு. உன்னைத்தான் அனுப்பணுமாம்."

நாளைய வேலை: காலை ஒன்பது மணி. முதலாளியின் வீடு. வரைபட டிரைவை நீக்க வேண்டும்.